பம்பரமும் பழைய லாரியும்

கூட லாரி ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பம்பரம். சரக்கு இறக்கும் இடத்தில் மற்ற டிரைவர்கள் நிழல் பார்த்துத் துண்டை விரித்துவிடுவார்கள். இவர் மட்டும் டயரைத் தட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். மகள் பேச ஆரம்பித்தது, பள்ளிக்கூடம் போனது, வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பியது எல்லாமே அவருக்குப் போனில் வந்த சேதிகள்தான்.

அப்படிப்பட்டவருக்கு வலது கண் பார்வை மங்கிப்போனது. நரம்பில் கோளாறு, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி சாவியை வாங்கிக்கொண்டது. இனி எந்த வண்டியையும் தொடக்கூடாது.

வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொட்டாத குழாயை முறுக்கி உடைத்தார். நன்றாக இருந்த கதவைக் கழற்றி மாட்டினார். அது பிறகு மூடவே மாட்டேன் என்றது. மனைவி வீட்டிலேயே திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷினுக்கும் ஒரு நாள் எண்ணெய் போட்டார். அன்று தைத்த வெள்ளைத் துணியெல்லாம் கறை. மறுநாள் மெஷின் இருந்த அறைக்குப் பூட்டு வந்தது.

ஒரு மத்தியானம் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. பழையது, ஆனால் நீல பெயின்ட் பளபளவென்றிருந்தது. கொள்ளை மலிவு என்று பம்பரம் பூரித்துப்போனார். மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டாள். அவர் கழுவ வாளியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

கழுவும்போதுதான் கதவின் அடியில் ஒரு கொப்புளம் கண்ணில் பட்டது. கட்டைவிரலால் அழுத்தினார். பெயின்ட் பிஸ்கட் மாதிரி உடைந்து, உள்ளே பூசியிருந்த பட்டி மாவு கட்டியாகக் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் தகரமே இல்லை. ஓட்டைக்குள் சாக்குத்துணியைத் திணித்து, மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

மனைவியின் தம்பி பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வந்து பார்த்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, இது லாரி இல்ல. பட்டியில செஞ்ச பொம்மை" என்றான்.

வந்த கோபத்தில் அன்றைக்கே தகரம் அறுக்கிற கிரைண்டரைக் கையில் எடுத்தார். கதவுக்குள் போகிற மழைத்தண்ணீர் வடிய அடியில் சின்னத் துளைகள் உண்டு. அவற்றைச் சேறு அடைத்து, தண்ணீர் உள்ளேயே நின்று இரும்பைத் தின்றிருந்தது. கேபினில் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினால் ஓட்டை வழியே வாசல் மண் தெரிந்தது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைக்க வேண்டும் என்பது மச்சானின் கணக்கு. வெட்ட வெட்ட நல்ல இரும்புதான் தள்ளித் தள்ளிப் போனது. ஒரு பக்கம் சுரண்டிச் சிவப்பு பிரைமர் அடித்துத் திரும்பினால் மறுபக்கம் கொப்புளம். சாப்பிட உட்கார்ந்தாலும் துரு எங்கேயோ அரித்துக்கொண்டிருக்கிறது என்றே தோன்றும். பாதிச் சோற்றில் எழுந்து போவார். வீட்டு கேட்டையும் ஜன்னல் கம்பிகளையும்கூட ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கத் தொடங்கியதும், மனைவி அதைத் துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்தாள்.

காலையில் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் போவது டிரைவிங் பள்ளிக்கூடத்துக்கு என்று மச்சான்தான் வாய்தவறி உளறினான். பம்பரத்துக்குச் சுருக்கென்றது. வந்ததும் கேட்டார்.

"இவ்வளவு வருஷம் நீங்க போனீங்க, நான் வீட்டுல இருந்தேன்," என்றாள் அவள். "இப்ப நான் போறேன். சரக்குக்கு வாடகை வண்டிக்காரன்கிட்ட இன்னும் எத்தனை நாள் கெஞ்சுறது?"

மறுநாள் டிரைவர் சீட்டைக் கழற்றி, அவள் உயரத்துக்குத் தக்கபடி அடியில் கட்டை வைத்து முன்னால் தள்ளி மாட்டினார்.

அவள் லைசென்ஸ் வாங்கி வந்த வாரம், வண்டியின் பாரத்தையெல்லாம் தாங்குகிற சேசைக் கடைசியாக ஒரு முறை சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங் என்று வந்த சத்தம் கேபினுக்குப் பின்னால் தொப்பென்று மாறியது. மச்சானின் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. செதில் செதிலாகத் துரு முகத்தில் கொட்டியது. வெளியே வழவழப்பு, உள்ளே கூடு.

மேலே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தால் வெளியே தெரியாது, கொஞ்ச காலம் தாங்கும் என்றான் மச்சான்.

"கொஞ்ச காலம்னா?"

"அதை எப்படி மாமா சொல்றது?"

மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. தன்னை ஓட்டவிடாமல் இருக்க இதுவும் ஒரு சாக்கு என்று பொரிந்து தள்ளினாள். அவர் வாதாடவில்லை. சுத்தியலை நீட்டி, "நீயே தட்டிப் பாரு" என்றார். சாக்கை விரித்து அவள் அடியில் நுழைந்தாள். சத்தம் மாறியது அவருக்கும் கேட்டது. தலைமுடியெல்லாம் துருவோடு வெளியே வந்தவள், "மாத்துங்க" என்றாள்.

பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி லாரி ஒன்று, முகம் நொறுங்கிக் கிடந்தது. அதன் சேசைக் கடைக்காரன் பல்லைக் கடிக்கக் கடிக்க அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கேபினைத் தூக்கி, சரக்கு ஏற்றும் பின்கட்டைக் கழற்றி, மறுபடி மாட்டி முடிப்பதற்குள் மழைக்காலம் போய்விட்டது. சேசின் உள்ளேயும் துரு ஏறாமலிருக்க எண்ணெயைப் பீய்ச்சினார்.

முதல் சவாரிக்கு அவரும் ஏறிக்கொண்டார். இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே, பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டு வந்தார். தெருமுனை தாண்டியதும் அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"இறங்குங்க."

இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தார். கேட்டுக்கும் சமையலறைக்குமாக அலைந்தார். போன் அடித்தார், எடுக்கவில்லை. தலைமாட்டில் போனை வைத்துப் படுத்துப் பார்த்தார். முதுகு பாயில் பாவவில்லை. இத்தனை வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்று நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்து அவள் வந்து சேர்ந்தாள். வண்டி நின்றதும் நிற்காததுமாக அவர் அடியில் நுழைந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"நாளைக்குத் தூரமா போகணும்," என்றாள் அவள் மேலிருந்து. "வர நேரமாகும்."

அவர் மாற்றிய சேசில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டே கிடந்தார்.