இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் தையல் மெஷின்

ஏலக்கடையில் அவளை எல்லோரும் நோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே வந்து இறங்கிய கட்டிலோ கடிகாரமோ எதுவும் அவளுடைய மூன்று நோட்டுகளைத் தாண்டி வெளியே போனதில்லை. வந்த பொருளுக்கு ஒன்று, விற்பவர்கள் போனில் சொல்வதற்கு ஒன்று, ஏலத்தன்றைக்கு ஒன்று. "நோட்டக்கா தும்மினாக்கூட அதுக்கும் ஒரு எண் போட்டுடுவாங்க" என்று சுமை இறக்குகிறவர் கேலி செய்வார்.

முதலாளி கெட்டவரில்லை. ஒரே பூச்சாடியைக் கூடத்தில் ஒருவருக்கும் போனில் இன்னொருவருக்கும் விற்றுவிட்டு, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். பொருள் வருவதிலிருந்து ஒப்படைப்பது வரை எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். "இனிமே நோட்டு கிடையாது. ரெண்டு இடத்துல எழுதினா மறுபடியும் அதே கூத்துதான்" என்றார். அதில் நியாயம் இருந்தது. நோட்டக்கா ஆறு வாரம் கண் எரிய உட்கார்ந்து, நோட்டிலிருந்த அத்தனையையும் மென்பொருள்காரருக்குப் பட்டியல் பட்டியலாகத் தட்டிக் கொடுத்தாள்.

புது ஏற்பாட்டின் முதல் ஏலம் ஒரு சனிக்கிழமை. வியாழன் மதியம் ஒரு தையல்காரம்மா போன் செய்தாள். வேலை வற்றிப்போய்த் தன் மெஷினை ஏலத்துக்குக் கொடுத்திருந்தவள்.

"அக்கா, பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. நூத்தியிருபது செட்! மெஷினை வித்துடாதீங்க, திங்கக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

நோட்டக்கா இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைத் திறந்து 'விற்பனைக்கு அல்ல' என்று மாற்றினாள். முன்பெல்லாம் கையோடு கிடங்குக்குப் போய்ப் பொருளின்மேல் ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிடுவாள். அன்றைக்குப் போன் மேல் போன். போகவில்லை.

சாயங்காலம் திரையில் பார்த்தால் பொருள்களின் படங்கள் எல்லாம் மாறிக் கிடந்தன. கட்டிலுக்கு நேராகக் கடிகாரம் தொங்கியது. மென்பொருள்காரர் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, காலையில் எடுத்துவைத்த பட்டியலை மறுபடி ஏற்றினார். படங்கள் சரியாயின. மதியம் செய்த மாற்றம் அதோடு போயிற்று. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. சனிக்கிழமை முழுக்க நோட்டக்கா மாடியில், ஆன்லைனில் ஏலம் கேட்க வந்து உள்ளே நுழைய முடியாதவர்களுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை தையல்காரம்மா வந்தாள். கிடங்கில் மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

நோட்டக்கா ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். 'விற்கப்பட்டது. ஒப்படைக்கப்பட்டது.' வாங்கியவர் யார் என்று தட்டினாள். 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.' இந்தக் கடைக்கு வந்துபோன ஒவ்வொருவரின் வாசற்படியும் தெரிந்தவளுக்கு அனுமதி இல்லை. முதலாளி விமானத்தில் இருந்தார். மென்பொருள்காரரைக் கூப்பிட்டாள்.

"முதலாளி எழுத்துல சொன்னாத்தான் திறக்க முடியும் மேடம். விதி அப்படி."

"ஒரு பொம்பளையோட பொழைப்பு தம்பி! பேரை மட்டும் சொல்லுங்களேன்."

"சாரி மேடம்."

கடைசியில் சுமை இறக்குகிறவர்தான் நெற்றியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அட, அந்த இரும்புக்கால் மெஷினா? பழைய பஸ் டிப்போ பின்னாடி பட்டறை வச்சிருக்காரே, ஓட்டலுக்கு மேஜை செய்யறவர், அவருதான் ஏத்திட்டுப் போனாரு."

இரண்டு பெண்களும் பஸ்ஸில் போனார்கள். 'அவர் இன்னும் மெஷின்மேல் கை வைத்திருக்கக் கூடாது, கை வைத்திருக்கக் கூடாது' என்று நோட்டக்காவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

பட்டறையில் இரும்புக்கால்கள் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் காய்ந்துகொண்டிருந்தன. மேலே பொருத்தக் கண்ணாடி தயாராக இருந்தது. கழற்றிப் போட்ட மெஷின் தலைகள் மூலையில் குவிந்து கிடந்தன. தையல்காரம்மா அந்தக் குவியலில் மண்டியிட்டுத் தேடி, கழுத்தில் தான் பிளாஸ்திரி சுற்றிவைத்திருந்த ஒன்றை இழுத்தாள். சக்கரத்தைச் சுற்றினாள். அது பாதியில் நின்றுவிட்டது.

"கழட்டும்போது கீழ விழுந்துடுச்சும்மா. எனக்கு மேஜைக்குக் காலு மட்டுந்தானே வேணும்" என்றார் பட்டறைக்காரர். அவர் குரலிலும் சங்கடம் இருந்தது.

தையல்காரம்மா அழவில்லை. "உங்ககிட்ட சொன்னேனேக்கா" என்றாள்.

மறுநாள் முதலாளி வந்ததும் மென்பொருளில் அந்த எண்ணின் வரலாற்றைத் திறந்தார். வியாழன் மாலை, 'விற்பனைக்கு' என்று திருப்பி மாற்றியவர் பெயராக அவளுடைய பெயரே இருந்தது. மென்பொருள்காரர் உட்கார்ந்தது அவள் திறந்துவைத்திருந்த கணக்கில்.

"சரி விடுங்கக்கா. அவசரத்துல யாருக்கும் கை தவறும்."

"நான் மாத்தலைங்க."

"நான் ஒண்ணும் கோவிச்சுக்கலையே?"

"கோவிச்சுக்கிட்டாக்கூடப் பரவாயில்லை. செய்யாததுக்கு மன்னிக்காதீங்க!" அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அங்கே குரலை உயர்த்தியதில்லை. "துணி கட்டாதது என் தப்பு. அதைச் சொல்லுங்க, தலையைக் குனிஞ்சுக்கறேன்."

முதலாளி மென்பொருள்காரரை வரவழைத்தார். அவர் வெகுநேரம் திரையை மேலும் கீழும் உருட்டிவிட்டு, பட்டியலை இரண்டாம் தடவை ஏற்றியது தான்தான் என்று முனகினார்.

ஏலத்தில் விலைபோகாத இன்னொரு மெஷின் கிடங்கில் இருந்தது. அதன் சொந்தக்காரரிடம் போனில் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கி, நோட்டக்காவே வண்டி வைத்துக் கொண்டுபோய் இறக்கினாள். ஆனால் நாலு நாள் கழிந்திருந்தது. ஆர்டரில் பாதியைப் பள்ளிக்கூடத்தார் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். தையல்காரம்மா வாசலிலேயே மெஷினை வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

அன்றைக்கே நோட்டக்காவுக்கு எல்லாப் பக்கங்களையும் பார்க்க அனுமதி கிடைத்தது. முதலில் இருநூற்றுப் பன்னிரண்டைத்தான் திறந்தாள். மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர் அப்படியே இருந்தது. வரலாற்றை யாராலும் அழிக்க முடியாது, அதுதான் இந்த மென்பொருளின் சிறப்பே என்றார் மென்பொருள்காரர்.