இருபத்தோராயிரம் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிறு காலை, தேவாலயத்துக்குக் கிளம்பும் நேரத்தில்தான் ரெஜினாக்காவுக்கு நெஞ்சுவலி வந்ததாம். செய்தி நம் மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில் இப்படி வந்தது: “எப்போதும் சிரித்த முகத்துடன் வலம்வந்த நம் ரெஜினா மேடம் இன்று காலமானார்.” அழுகை வருவதற்கு முன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்த முகமா? ஆய்வகத்தின் பொறுப்பாளராக அவரைப் பார்த்த நீங்களே நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நிர்வாகத்தைப் பார்த்து அவர் கடைசியாக எப்போது சிரித்தார்?

நான் வார்டு சிஸ்டர். அவர் மாடியில் ரத்தம் சோதிப்பார், நான் கீழே ரத்தம் எடுப்பேன். காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் இறங்குவார். அந்தக் கோபக்காரியைத்தான் எனக்குப் பிடிக்கும். செத்த பிறகு அவரைச் சாதுவாக்கிப் படத்துக்கு மாலை போடுகிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் நம் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் எண்ணிக்கை 1,20,000 என்று முழுசாக இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கூட ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று சொல்லிவிடுவார். பிறகு புதுசாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அன்றிலிருந்து அதே எண் 1.2 × 10⁵ ஆகிவிட்டது. பத்தின் தலைமேல் எறும்பளவுக்கு ஓர் ஐந்து. பார்க்க நாகரிகமாக இருக்கிறது, உலகத் தரம் என்று நிர்வாகிக்கு வாயெல்லாம் பல்.

முதல் வாரமே அக்கா வார்டு சிஸ்டர்கள் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார். “மொதல்ல பெரிய நம்பரைப் பாக்காதீங்கடி. மேல குட்டியா உக்காந்திருக்கே, அதைப் பாருங்க. அது எத்தனையோ, புள்ளியை அத்தனை இடம் வலது பக்கமா தள்ளுங்க. இடம் காலியா இருந்தா சைபர் போடுங்க. அவ்ளோதான்” என்றார். எங்களில் ஒருத்தி, “அக்கா, மேல நாலு போட்ட 2.1 பெரிசுதானே, மேல அஞ்சு போட்ட 1.2 சின்னதுதானே?” என்று கேட்டுவைத்தாள். அக்கா முறைத்தார். “நாலாவது மாடியில ஸ்டூல் போட்டு ஏறி நின்னாலும், அஞ்சாவது மாடியில உக்காந்திருக்கறவனுக்குக் கீழதான்டி நீ. ஆளைப் பாக்காத, மாடியைப் பாரு.” நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “உங்களுக்குச் சொல்லிட்டேன். பேஷண்ட் வீட்டுக்காரங்களுக்கு எவன் சொல்லுவான்?” என்றார்.

அவர் பயந்தது நடக்க ரொம்ப நாள் ஆகவில்லை. டெங்கு சீசன். ஹெப்பகோடியில் கம்பெனி வேலை பார்க்கும் சரவணன், ஆஸ்டின் டவுனில் அம்மா வீட்டுக்கு வந்திருந்த தன் மனைவி செல்வியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். செல்விக்கு முதல் நாள் 1.2 × 10⁵. மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ரிப்போர்ட்டும் வந்தது: 2.1 × 10⁴. அதாவது லட்சத்து இருபதாயிரம் ஒரே நாளில் இருபத்தோராயிரமாகச் சரிந்திருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் சரவணன் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே முக்கால் மடங்கு ஏற்றம். டியூட்டி டாக்டரும் நடந்துகொண்டே போனில் பார்த்துவிட்டு, “2.1ஆ, குட்” என்று டிஸ்சார்ஜுக்குக் கையெழுத்துப் போட்டார். நான் அன்று பகல் ஷிப்டில் இல்லை. வந்து சேரும்போது வாசலில் கூட்டம்.

ஆட்டோவுக்கு முன்னால் ரெஜினாக்கா நின்றுகொண்டிருந்தார். டீ குடிக்க இறங்கியவர் செல்வியைப் பையோடு பார்த்திருக்கிறார்.

“எங்கய்யா கூட்டிட்டுப் போற?”

“வீட்டுக்கு மேடம். பிளேட்லெட் ஏறிடுச்சு. நேத்து ஒண்ணு புள்ளி ரெண்டு, இன்னிக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு!” ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டினார், மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். இனிப்பு வாங்கிவர மச்சானை அனுப்பியிருந்தாராம்.

“ஏறலைய்யா, விழுந்திடுச்சு! எறக்கு அவளை! எறக்குன்னு சொல்றேன்ல!”

பிறகு அந்த டாக்டரை வரவழைத்து, வாசலில் அத்தனை பேர் முன்னால் அக்கா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. செல்வியைத் திரும்பப் படுக்க வைத்தோம். மறுநாள் விடியும்போது ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்தது. வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. செல்வி பிழைத்து, நடந்தே வெளியே போனார்.

அதற்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? பொது இடத்தில் கத்தி மருத்துவமனையின் பெயரைக் கெடுத்ததாக அக்காவுக்கு மெமோ! தப்பாகப் படித்தவருக்கு ஒன்றுமில்லை, சரியாகப் படித்தவருக்கு மெமோ. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை, ஒரு வரி கேட்டார். “அந்த எண்ணுக்குக் கீழ இருபத்தோராயிரம்னு முழுசா ஒரு வரி போடுங்க சார். வேற எதுவும் வேணாம்.” சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனிடம் சொல்ல வேண்டும், செலவாகும் என்று இழுத்த நிர்வாகி கடைசியில், “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்” என்று கன்னடத்தில் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார். அக்கா எழுந்துவிட்டார். “அட்ஜஸ்ட் பண்ணிக்க இதென்ன பஸ் சீட்டா? உசுரு சார்!”

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். “தப்பாப் படிக்கறவன்மேல எனக்குக் கோபமே இல்ல. தப்பாப் படிக்கற மாதிரி எழுதறான் பாரு, அவன்மேலதான்.” அந்த டாக்டரைக்கூட அடுத்த வாரமே கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நிர்வாகியை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த ஒரு வரியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்றார்கள். போன வாரம்கூடக் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள்.

புதன்கிழமை இரங்கல் கூட்டம் நடந்தது. நீங்களும் வந்திருந்தீர்கள். அவர் பெயரில் “சிறந்த புன்னகை” விருது கொடுக்கப் போவதாக நிர்வாகி அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினீர்கள். நான் எழுந்து, “விருது இருக்கட்டும் சார், அந்த வரி என்னாச்சு?” என்று கேட்டேன். “சிஸ்டர், இது அதுக்கான நேரமில்ல” என்றார். உயிரோடு இருந்தபோதும் நேரமில்லை, செத்த பிறகும் நேரமில்லை. என் பக்கத்தில் இருந்தவர்கள் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை.

அவருடைய பொருளென்று என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் காலை ரிப்போர்ட்டுகள் வந்ததும் படுக்கை படுக்கையாகப் போய், வீட்டுக்காரர்களைப் பக்கத்தில் அழைத்து முழு எண்ணைப் படித்தேன். “நாப்பத்தஞ்சாயிரம்மா. நேத்தைவிடக் கம்மி. எங்கயும் போகக் கூடாது.” கன்னடக்காரருக்குக் கன்னடத்தில், “எம்பத்து சாவிர”, அதாவது எண்பதாயிரம். வராந்தாவில் வந்த நிர்வாகி நின்று கேட்டுவிட்டுச் சொன்னார். “சிஸ்டர், ஸ்வல்ப மெதுவா. சிரிச்ச முகமா சொல்லுங்க.”

அடுத்த படுக்கைக்குப் போய், அவருக்கும் கேட்கும்படி, இன்னும் உரக்கப் படித்தேன்.