இல்லை என்று சொல்லாத டாக்டர்

காளவாசலில் பஸ் நின்றால் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பழக்கடை வாசலில் அழுகும் அன்னாசித் தோலும் யாரோ கழுவிவிட்ட பினாயிலும் கலந்த அந்த வாடை, எழுபதுகளின் கடைசியில் நான் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிய ஆஸ்பத்திரி மனநோய்ப் பிரிவின் வாடை. வெறி அடங்கப் போடும் ஊசிமருந்து அப்படித்தான் நாறும். சட்டையில் ஏறிக்கொண்டு வீடுவரை வரும்.

எங்கள் டாக்டர் சீமையில் படித்துத் திரும்பியவர். "இங்கே வந்தாங்கங்கிறதே அவங்க ரகசியம்தான். அதை எடுத்துக் கொடுக்க நாம யாரு?" என்பார். அந்த நேர்மையை வணங்கினேன். இன்றும் வணங்குகிறேன், அதுதான் துயரம்.

பேரையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி மாதாமாதம் தாயோடு வருவாள். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் ஓய்ந்து ஒரு வருஷமாகியிருந்தது. ஊரில், கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் பேச்சு. பொய்க்குத் துணையாகக் கறுப்புச் சட்டம் போட்ட வெறுங்கண்ணாடி. "இதப் போட்டதுலேருந்து என்னைய டீச்சருங்கிறாக அண்ணே" என்று சிரிப்பாள்.

ஒருநாள் அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து டாக்டர் முன் உட்கார்ந்தார். "புள்ளைய இங்கன பாத்ததா ஒருத்தன் சொல்றான். வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, நாளைக்கே பூ வச்சிட்டுப் போயிர்றோம்."

"வந்தாங்க, வரலைன்னு யாரைப் பத்தியும் நான் வெளியே சொல்றதில்லைங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டில் குனிந்துகொண்டேன். துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "போதும்யா. வராத புள்ளைய வரலைன்னு சொல்ல எம்புட்டு நேரமாகும்?"

அவர் படியிறங்கிய பிறகு டாக்டர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "ஒரு வார்த்தை விடலை, பார்த்தீங்களா!" சீமையில் எல்லோருக்கும் அதே பதில்தானாம், கேட்டவன் ஒன்றும் அறியாமல் திரும்புவானாம். இங்கே அப்படியொரு பதிலை யார் கேட்டிருக்கிறார்கள்? எங்கள் சனம் விசாரிக்கும் விதம் அறிந்தவன் நான். டாக்டரிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும், பொய் சொல்லுங்கள் என்றா சொல்வேன்? இத்தனை வயதாகியும் அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

அடுத்த மாதம் தனியாக வந்தாள். கண்ணாடி இல்லை. பூ வைக்க யாரும் வரவில்லை என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் அன்று தலை நிமிராமலே மாத்திரை எழுதினார். வாசல்வரை அவரே கூட வந்தார், யாருக்கும் அப்படி வந்தவரில்லை. "அடுத்த மாசம் கண்டிப்பா வரணும்மா. நிறுத்தினா மறுபடி கேட்க ஆரம்பிச்சிரும்."

பஸ் காளவாசலைத் தாண்டி வெகுநேரமாகியும் வாடை போவதில்லை. அன்று அந்த வாசலில், சீட்டை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், அவள் டாக்டரிடம் கேட்டாள்:

"வந்தா, வரலைன்னு சொல்லுவீகளா சார்?"