ஒரு கையில் மட்டும் வளையல்

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா காலமாகி ஒரு வருடம் கழிந்திருந்தது. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்து, அம்மாவை என்னோடு கொழும்புக்கு அழைத்துப் போகக் கண்டிக்கு வந்திருந்தேன்.

அப்பா கணித ஆசிரியர். எழுபதுகளில் எங்கள் நாட்டு ஆசிரியர்கள் பலரைப் போல அவரும் சாம்பியாவுக்குப் போய்ச் சில வருடம் படிப்பித்தவர். அங்கிருந்து ஆசையாகக் கொண்டுவந்தது ஒரு மரச்சிலை. முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தலையிலிருக்கும் பானையை வலக்கையால் பிடித்தபடி நிற்கும் பெண். மழைப் பின்னேரங்களில் யாராவது வந்து அந்தச் சிலையைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், அப்பாவின் தேநீர் ஆறிவிடும்.

லண்டனிலிருந்த அண்ணா தொலைபேசியில், "ஆபிரிக்கச் சிலைக்கு இங்க நல்ல மதிப்பு. சும்மா ஆருக்கும் தூக்கிக் குடுத்திடாதை. தெரிஞ்ச ஆளிட்டக் காட்டு" என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அதையேன் பிள்ளை காட்டித் திரியிறாய்?" என்று முணுமுணுத்தவர், நான் சிலையைத் துவாயில் சுற்றிக்கொண்டு கிளம்பியதும், "நில், நானும் வாறன்" என்று செருப்பை மாட்டினார்.

வாவிக்கு அருகே ஒரு மாடியில் பழம்பொருள் கடை. வைத்திருந்தவர் எல்லாரும் 'நானா' என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவர். சிலையை ஜன்னலோரம் கொண்டுபோய்த் தலைகீழாகப் பிடித்து, ஈரத்துணியால் அடிப்பாகத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் போகல்ல. நல்ல மரம், மகள். பழசு இல்ல, விக்கிறதுக்குன்டே செஞ்சது. ஆனா செஞ்சவன் கெட்டிக்காரன். வாச்சியால கொத்தின தடத்த அப்பிடியே உட்டிருக்கான் பாருங்க."

அத்தனை வருடம் பார்த்த சிலையில் அந்தச் சின்னச் சின்ன வெட்டுகளை அன்றுதான் தடவிப் பார்த்தேன்.

அவருடைய விரல் வலக்கையில் வந்து நின்றது. "இந்தக் கை மட்டும் அவன்ட வேல இல்ல. இது நம்ம நாட்டுக் கருங்காலி, உளி வேல. மினுக்கி, வளையலும் போட்டிரிக்கி. மத்தக் கையில ஒண்டும் இல்லையே."

"அது அந்த ஊர் வழக்கம்" என்றேன். "அங்க பொம்பிளையள் ஒரு கையிலதான் வளையல் போடுவினம் எண்டு அப்பா வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுவார்."

அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் பிள்ளை உடைச்சனான். அப்பா பேப்பர் திருத்தக் கொழும்புக்குப் போயிருந்தவர். தூசி தட்டேக்க அலுமாரிக்கு மேல இருந்து விழுந்திட்டுது. பேராதனைக்கு அங்கால ஒரு செதுக்கிற ஆளைப் பிடிச்சுப் புதுக் கை வைப்பிச்சன். வெறுங்கை வடிவில்லை எண்டு அந்த மனிசன் வளையலையும் சேர்த்துச் செதுக்கிப்போட்டான். அப்பா வந்து பாத்தார், ஒண்டும் கேக்கேல்லை. கவனிக்கேல்லை எண்டு நினைச்சன். பிறகு அவர் வளையல் கதை சொல்லேக்க எல்லாம் நான் குசினிக்க ஓடிடுவன்."

பெரியவர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் கையின் பொருத்தைப் பார்த்தார். "அம்மா, நீங்க ஒருக்காத்தானே ஒட்டினீங்க?"

"ஓம்."

"இது ரெண்டாந்தரமும் கழண்டிரிக்கி. யாரோ உள்ளுக்குத் தொள போட்டு, குடக்கம்பித் துண்டு ஒண்ட வெச்சி இறுக்கிருக்காங்க. இங்க நுனி தெரியிது."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பழைய குடையை எறிய அப்பா விடவே மாட்டார். எங்கள் வீட்டில் கதவுக் கொளுக்கி முதல் ரேடியோ வரை அந்தக் கம்பியை வெட்டி வைத்துத்தான் பழுது பார்ப்பார்.

அம்மா அந்த நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் தெரிஞ்சுகொண்டே அந்தக் கதையைக் கட்டினவர்? பொல்லாத மனிசன்!" என்று சிரித்தார். கண்ணால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"மாத்தின கை எண்டதால வாங்குறவன் கொறச்சித்தான் கேப்பான். வெல சொல்லவா?" என்று பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் நானா. இது விக்கிற சாமான் இல்லை" என்றார் அம்மா.

அவரே சிலையைத் துவாயில் சுற்றி அம்மாவின் மடியில் வைத்தார். எவ்வளவு சொல்லியும் கூலி வாங்கவில்லை.

அம்மாவும் இப்போது இல்லை. நெருங்கியவர்கள் எதையோ என்னிடம் மறைக்கிறார்கள் என்று தெரியும்போது கேட்டுவிட வாய் துடிக்கும். அப்பா கேட்காமலே இருந்த அத்தனை வருடங்களை நினைத்துக்கொள்வேன், பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.