மில் சேலையில் வந்த முருகன்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், எந்தக் கோயில் வாசலிலும் வாங்காத முருகன் படம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். மயில் மேல் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் பொன்னிறக் கரை, அதில் பாதி உதிர்ந்துவிட்டது. காலடியில் ஏதோ ஒரு மில்லின் பெயர் இங்கிலீஷில் இருக்கும். விளக்கேற்றும்போது மற்ற சாமிகளையெல்லாம் நிமிர்ந்து பார்த்துக் கும்பிடுவேன். இவரிடம் வரும்போது மட்டும் கண் தானாகத் தாழ்ந்துவிடும்.

அந்தக் காலத்தில் மில் துணி எது வாங்கினாலும் மேல் மடிப்பில் ஒரு வண்ணப் படம் ஒட்டியிருக்கும். யானை, லட்சுமி, வெண்ணெய்க் கிருஷ்ணன் என்று கடைக்கு வரும் படங்கள் அத்தனையும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொத்து. எனக்கு முதல் படம் கொடுத்தது மாமா. ஆத்தாளின் ஒரே தம்பி. வல்லத்திராக்கோட்டையில் கொஞ்சம் புஞ்சை வைத்திருந்தார். ஒரு பொங்கலுக்குப் புது வேட்டியோடு புதுக்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், உரித்து வைத்திருந்த யானைப் படத்தை மடியிலிருந்து எடுத்துத் தந்தார்.

"இந்தா தாயி, யானை. தீனி கேக்காது, லத்தி போடாது. பத்தரமா வச்சுக்க."

அதன் பிறகு எப்போது வந்தாலும், யார் யாரிடமோ கேட்டு வாங்கிய படம் ஒன்று அவர் மடியில் இருக்கும். ஒரு பழைய பஞ்சாங்கத்தின் தாள்களுக்கு நடுவே நான் அவற்றை வைத்துக்கொண்டேன். எட்டு வயதில் என்னிடம் பதினேழு படங்கள். இரண்டு யானைக்கு ஒரு லட்சுமி, மூன்று யானைக்கு ஒரு கிருஷ்ணன் என்று பிள்ளைகளுக்குள் மாற்றிக்கொள்வோம். மயில் முருகன் மட்டும் தெருவிலேயே ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் ஜவுளிக்கடைக்காரர் மகள்.

"எல்லாப் படமும் தர்றேன்டி. முருகனக் குடு" என்று கெஞ்சினேன்.

"ஒன் யானையெல்லாம் கெழட்டு யானை. கொண்டுபோய்க் கோயில்ல கட்டு. முருகன் ஒங்க வீட்டுக்கெல்லாம் வரமாட்டாரு, போ" என்றாள்.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஏன் வரமாட்டார் என்று முருகனையே கேட்டுக்கொண்டு படுத்தேன்.

யுத்த காலம் அது. துணிக்குக் கண்ட்ரோல். நல்ல துணி கிடைப்பதே அரிது. கிடைப்பதிலும் பழைய சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்துப் புதிது என்று தள்ளிவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மேல் மடிப்பில் மில் படம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெரியவர்கள் வாங்கினார்கள். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? படங்கள் வருவது குறைந்துவிட்டது என்ற ஒரே கவலைதான் எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா பெரியவளானாள். சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவேண்டும். அந்தச் சேலையைத்தான் அக்கா சபையில் கட்டவேண்டும். மாமா எங்கெங்கோ அலைந்து ஒரு மில் சேலை வாங்கி, மாமியோடு விடியற்காலையில் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தாம்பாளங்களை உள் அறையில் வைத்துவிட்டு இருவரும் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஆத்தாள் அடுப்படியில் இருந்தாள்.

நான் அறைக்குள் போய்த் தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிப் பார்த்தேன். கீழே அரக்கு நிறச் சேலை. அதன் மேல் மடிப்பில் மயில் முருகன் உட்கார்ந்திருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூப்பிட்ட குரலுக்கு அவரே வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெந்நீரில் துணியை நனைத்துப் படத்தின் மேல் ஒற்றி ஒற்றி, கிழியாமல் உரித்தேன். சேலையில் பசைத் தடம் தெரிந்தது. அதையும் துடைத்துத் துடைத்துப் போக்கினேன். துடைத்த இடம் ஈரமாகித் துவண்டது. அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மடிப்பை மாற்றி, பழத்தை மேலே வைத்துவிட்டேன். பழம் இருந்ததால், நல்ல நேரத்தில் மேளத்தோடு தாம்பாளத்தை எடுத்தபோது மாமியும் கவனிக்கவில்லை.

சீர் சபைக்கு வந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, சேலையை எடுத்து விரித்தாள். ஒரு நாழி தடவிப் பார்த்தாள். பிறகு ஆத்தாளைப் பார்த்து, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஏன்டியம்மா, ஒந் தம்பி கொண்டாந்த சேலையப் பாரு. படத்தக் காணோம், மடிப்பு மாறிக் கெடக்கு, கஞ்சி வேற போயிருக்கு. எவ கட்டிக் கழிச்சதத் தொவச்சு எடுத்தாந்தாக?"

"ஈரங்கூடக் காயல போல!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, சிரிப்பு எழுந்தது.

அப்பா முகம் கறுத்துவிட்டது. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாமே மாப்ள. பழசக் கொண்டாந்து சபையில வைக்கணுமா?"

மாமி பதறிப்போனாள். "சாமி சத்தியமா புதுசுங்க! மேல முருகன் படம் இருந்துச்சு, நாந்தேன் கண்ணால பாத்தேன்!"

மாமா வாயைத் திறந்தவர், ஏனோ சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். தூண் ஓரமாக நின்ற என் மேல் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு மாமியின் கையைப் பிடித்தார்.

"விடு. கடைக்காரன் ஏமாத்திப்புட்டான் போல. நாந்தேன் சரியாப் பாக்கல" என்றார்.

அக்காவுக்கு வேறு ஏதோ சேலையைக் கட்டிச் சடங்கை முடித்தார்கள். மாமா அரக்குச் சேலையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். சீர் கொண்டுவந்த தாய்மாமன் சாப்பிடாமல் போவதென்றால் உறவு அறுந்தது என்றுதான் அர்த்தம். ஆத்தாள் வாசல்வரை ஓடினாள். "கை நனைச்சுட்டுப் போடா தம்பி" என்று அழுதாள். வண்டி நிற்கவில்லை.

அக்கா கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. அப்பாவும் அழைக்கவில்லை. பிறகு ஆத்தாள் பிறந்த வீட்டுப் படி மிதித்தது, மாமா செத்ததற்குத்தான். அங்கே மாமியின் பெட்டியில் அந்தச் சேலை கட்டப்படாமலே இருந்ததைப் பார்த்து, ஆத்தாள் அதை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கல்யாணமாகியிருந்தது, அடிக்குப் பயப்படும் வயசில்லை. ஆனாலும் சொல்லவில்லை. விராலிமலை ஏறி முருகனிடம் எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறேன். அவருக்குத் தெரியாததா? தெரியவேண்டியவள் ஆத்தாள். அவள் கடைசிவரை தன் தம்பியைக் கடைக்காரன் ஏமாற்றினான் என்றே நம்பிப் போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் படத்தை ஜவுளிக்கடைக்காரர் மகளிடம் நான் காட்டவே இல்லை. காட்டினால் கேட்பாளே, ஏது என்று. சாமி படமாயிற்றே, கிழித்துப் போடவும் மனசு வரவில்லை.

சடங்கன்று வண்டி ஏறுவதற்கு முன் மாமா என்னிடம் வந்தார். காலையிலிருந்து எத்தனை தடவை அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேனோ, என் விரல் நுனியெல்லாம் பொன் பூச்சு மினுமினுத்துக்கொண்டிருந்தது. மாமா குனிந்தார். என் வலது கையை எடுத்து, துண்டின் முனையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். இடது கையையும் துடைத்தார். அத்தை நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கையை நல்லாத் தேச்சுக் கழுவிட்டு அப்பறமாச் சாப்பிடு தாயி" என்றார்.

பந்திக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.