அளக்காத பதினோரு நாள்

எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் வேறு தேசத்துக்காரர். அவர் ஊர்ச் செய்தி கேட்க ஜன்னலோரம் ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தார். அதில் பேச்சைவிட இரைச்சல்தான் அதிகம். அவர் லீவில் போயிருந்த வாரம் என் அண்ணன் மொட்டைமாடியிலிருந்து அந்த ஜன்னல் வரைக்கும் ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, ரேடியோவோடு சேர்த்துவிட்டு இறங்கினார். திரும்பி வந்த வாட்ச்மேன், ரேடியோ இரைச்சலில்லாமல் பேசுவதைக் கேட்டு, தன் பிரார்த்தனை பலித்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினார். என்னையும் வாய் திறக்கக் கூடாது என்றார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், என் ரூமைப் பார்த்தபிறகு எந்தப் பெண் வருவாள் என்பார். நியாயமான கேள்விதான். கட்டிலில் பாதியை ரேடியோப் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் அவர் சுருண்டு படுப்பார்.

அரசாங்க அனுமதி வாங்கி, வீட்டிலிருந்தபடியே கடல் கடந்து பேசுகிற ரேடியோ அது. நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இவ்வளவுதான்: நாம் அனுப்புகிற அலை வானத்தில் பட்டுத் திரும்பி இறங்குகிறது. சூரியன் நன்றாக இருக்கிற நாளில் தூரத்தில் போய் இறங்கும், சோர்ந்த நாளில் போகாது. எந்த நேரம் எந்த ஊருக்கு எட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல அவரே ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். சூரியனை அளக்கிறவர்கள் தினமும் வெளியிடும் கணக்கை அது உள்ளே இழுத்துக்கொண்டு படம் போட்டுக் காட்டும். பல தேசத்துக்காரர்கள் அதை வைத்திருந்தார்கள். கணக்கு உள்ளே ஏறவில்லை, பாதியில் நின்றுவிட்டது என்று யாராவது எழுதினால், அண்ணன் வேலை முடிந்து வந்து கையைக் கழுவிவிட்டு உட்காருவார். சரிசெய்யாமல் சாப்பிட வர மாட்டார்.

அவருடைய பெரிய சிநேகிதர் ஒரு தீவுக்காரர், அங்கே கலங்கரை விளக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருஷம், காலை ஆறு மணிக்கு, பழைய தந்தி மாதிரி ரேடியோவில் தட்டித் தட்டியே பேசிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தீவில் போன் பாதி நாள் செத்துக் கிடக்கும். அந்த வருஷம் அவருக்கு நெஞ்சில் கோளாறு. அறுவை சிகிச்சைக்குப் படகில் கூட்டிப்போக வேண்டும், படகு என்று வரும் என்று தெரியாது. போவதற்குள் தினமும் பேசிவிடுவோம் என்று கேட்டிருந்தார். அண்ணனும் சரி என்றிருந்தார்.

மறுநாள் பார்த்தால் படத்தில் கோடு அடியோடு படுத்துவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. சூரியன் ரொம்பச் சோர்ந்திருக்கிறது, வழி மூடிவிட்டது என்றார் அண்ணன். காலையில் எழுந்து படத்தைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும் ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன் அண்ணா" என்றேன்.

"பூட்டின கதவைத் தட்டி என்னம்மா பண்றது?" என்று சிரித்தார்.

இப்படிப் பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் எங்கிருந்தோ ஒருவர் மெயிலில் கடிதம் போட்டார். உங்கள் மென்பொருள் சூரியனை அணைத்துவிட்டது ஐயா, நாங்கள் இங்கே தினமும் ஜோராகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று கேலியாக எழுதியிருந்தார். அண்ணன் சிரித்தபடியே கணக்கைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அளக்கிற கருவி பழுதாகியிருக்கிறது. அளக்காத நாட்களுக்கு எண் போடாமல் வெறுமனே விட்டிருந்தார்கள். மென்பொருள் அந்த வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று படித்திருக்கிறது. முன்பு ஒரு சமயம், வெற்றிடம் வந்தால் கணக்கு ஏறாமல் நிற்கிறது என்று ஆளாளுக்கு நச்சரித்தபோது, பூஜ்யமாக எடுத்துக்கொள் என்று அதற்குச் சொல்லிவைத்தவர் அண்ணன்தான்.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ரேடியோவைப் போட்டு விடாமல் கூப்பிட்டார். வானம் திறந்துதான் கிடந்தது. யார் யாரோ பதில் சொன்னார்கள், தீவுக்காரர் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருடைய மகளிடமிருந்து தபால் வந்தது. அப்பா அறுவை சிகிச்சையிலேயே போய்விட்டார் என்று எழுதி, அவர் குறிப்பேட்டின் பக்கத்தையும் வைத்திருந்தாள். அண்ணன் எனக்கு வாசித்துச் சொன்னார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, ஆறு மணி, கூப்பிட்டேன், பதில் இல்லை. ஐந்தாம் நாள், அவனுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ. பதினோராம் நாள், மத்தியானம் படகு, அவன் நன்றாக இருக்க வேண்டும்.

சாகப்போகிற மனுஷர் என் அண்ணனுக்காக வேண்டிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் ஆண்டவன் கணக்கு என்று நான் தேற்றப் பார்த்தேன்.

"ஆண்டவன் மேல போடாதம்மா. அது நான் எழுதின வரி."

அந்த வரியை அவர் மாற்றினார். அளவு இல்லாத நாளில் திரையில் இப்போது, 'இன்றைக்குத் தெரியவில்லை, கூப்பிட்டுப் பாருங்கள்' என்று வரும். தெரியவில்லை என்று சொல்ல ஒரு மென்பொருளா என்று சிலர் கிண்டல் செய்தார்கள். அவரோ, படம் என்ன காட்டினாலும் ஆறு மணிக்கு உட்கார்ந்து, அரை மணி நேரம் கூப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

இரண்டு வருஷத்தில் அவர் தலைக்குள் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து நாள் கண் திறக்கவில்லை. அவருக்கு எதுவும் எட்டாது என்று நர்ஸம்மா சொன்னார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து, கணக்கு ஏறவில்லை என்று அவருக்கு வந்திருந்த கடிதங்களை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பக்கத்து வீட்டு வம்பு, கேஸ் அடுப்புப் பழுது எல்லாம் சொன்னேன். பிரார்த்தனையையும் சத்தமாகவே செய்தேன். ஆறாம் நாள் காலை அவர் போய்விட்டார்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறபோது, கதவுகிட்டே வண்டியை நிறுத்தச் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது:

"கண் முழிக்க நாளாகுமாம். எனக்குக் கேக்காதுன்னு நீயா முடிவு பண்ணிக்காதம்மா. பேசு."