அமுலு அக்காவின் பாண்டிச்சேரி டிரெய்னிங்

“அண்ணா, அது டிரெய்னிங் இல்லை.” அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

அமுலு அக்கா போய்விட்டார். தூக்கத்திலேயே மாரடைப்பு... சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து, “திங்கக்கெழம பாக்கலாண்டி புக்கு” என்று கையாட்டிவிட்டு பஸ் ஏறியவர்.

புக்கு என்பது நான். கம்பெனி பஸ்ஸில் எப்போதும் படித்துக்கொண்டே வருவதால் அவர் வைத்த பெயர்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி எங்களுடையது. அக்கா, நான், என் ரூம்மேட் பேச்சி மூவரும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரே டேபிள். பேச்சிக்குத் தென்காசிப் பக்கம்.

வாலாஜாபாத்தில் அக்கா வீட்டு வாசலில், மாலையோடு வந்த எங்கள் சூப்பர்வைசரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை அண்ணன் அழுதார். அக்காவின் வீட்டுக்காரர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

“பாண்டிச்சேரிக்கே அனுப்பி டிரெய்னிங் குடுத்தீங்களே சார்... மொத்த லைன்ல மூணே பேருக்கு. எங்க சொந்தத்துல யாருக்கு சார் அந்தப் பெரும கீது?”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன்.

“ஆமாண்ணே... ரொம்ப நல்ல வேலைக்காரங்க” என்றார் அவர். அந்த மனிதருக்கு என் நன்றி.

ஏனென்றால் அந்த டிரெய்னிங், பீர்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு. பாண்டியில் ஒரு கடை. அங்கேயே காய்ச்சி, அங்கேயே குழாயில் பிடித்துத் தருகிற கிராஃப்ட் பீர். பெரிய கிளாஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சின்னச் சின்னதாய் ஆறு கிளாஸ் வைத்த மரத்தட்டு ஒன்று உண்டு, ருசி பார்க்க. மூன்று பேருக்கும் அந்த ஒரு தட்டுதான். ஆளுக்கு, கிளாஸுக்கு இரண்டு மடக்கு.

சிங்கப்பெருமாள் கோயில் வரை பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். காசு பஸ் நான்கு போனாலும் அக்கா ஏறமாட்டார். கடற்கரையில் புளிச்சோற்றை முடித்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைவோம். சும்மா தருகிற பாப்கார்னை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்குவார்.

முதல் தடவை போனபோது, பரிமாறுகிற மீசைக்காரரிடம் ஒரு காலி டம்ளர் கேட்டார். எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை.

கோதுமை பீரை எடுத்து, ஃபில்டர் காபி போல உயரத் தூக்கி ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

“ஏ யக்கா, ஆத்தாதீய! ஆத்தாதீய!” என்று பேச்சி கத்தினாள்.

“சும்மா இருடி. நுர எப்பிடி கீதுன்னு பாக்க வாணாமா?”

நுரை பொங்கி மேசை, பாப்கார்ன், என் துப்பட்டா எல்லாம் நனைந்தது. மீசைக்காரர் துணி எடுக்க ஓடினார். டம்ளரில் மிச்சம் இருந்ததை அக்கா ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்: “ஓகே.”

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் வீணாய்ப்போன செக் ஷீட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக்கொண்டு வருவார். நிறம், நுரை, வாசனை, ருசி. தேறினால் ஓகே, தேறாவிட்டால் என்ஜி. லைனில் ஒயருக்குப் போடுகிற அதே மார்க், அதே பேனா.

பழைய மெசபடோமியாவில் பீர் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்று ஒருமுறை சொன்னேன். படித்ததை எங்கேயாவது சொல்லியாக வேண்டுமே.

“அப்ப இதுவும் நம்ம ஊட்டு வேலதான்னு சொல்லு” என்றார்.

போட்டோ எடுக்கக் கூடாது. எடுத்தால் கையை உடைப்பாராம். அதனால்தான் இந்தப் பதிவில் படம் இல்லை...

“அண்ணங்கிட்ட சொல்லிடலாமேக்கா” என்று பேச்சி ஒருநாள் கேட்டாள்.

“திட்டமாட்டாருடி. ஆனா மூஞ்சி சின்னதாப் பூடும். அத்த என்னால பாக்க முடியாது.”

அந்த முகத்தை நினைத்துத்தான் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஏழுமலை அண்ணன் போன் செய்தார்.

“அமுலு பையில டிரெய்னிங் பேப்பர்லாம் கீதும்மா. லேமினேட் பண்ணி மாட்டலாம்னு எடுத்தேன். ‘கருப்பு, கஷாய வாசன, என்ஜி’ன்னு எழுதிகீது. ஒயர்ல இன்னாமா கஷாய வாசன?”

ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் அதை லேமினேட் செய்து மாட்டியும் இருப்பார்.

“அண்ணா... அது பீர்.”

என் மனதில் அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

“மூணு பேருமா?”

“ஒரே தட்டுதான்ணா... பங்கு போட்டு.”

“அதான பாத்தேன்! பாண்டி போய் வந்தா மட்டும் ஆட்டோல பின்னாடி குந்திகினு பாட்டு பாடிகினே வரும். அப்பிடி இன்னாதான் டிரெய்னிங் குட்க்கிறாங்கன்னு நெனச்சிகினே ஓட்டுவேன்...”

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

“அக்காவைப் பத்தி எழுதட்டுமாண்ணா?”

“எழுதும்மா. டிரெய்னிங்னு மட்டும் எழுதாத. ஆமா, அடுத்தது எப்போ?”

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. போய் வாங்க அக்கா. உங்கள் பேனா பேச்சியிடம் பத்திரமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை அண்ணனும் எங்களோடு பாண்டிக்கு வந்தார். திரும்பி வந்து வண்டி ஓட்ட வேண்டும் என்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தட்டு வந்ததும், மீசைக்காரரிடம் ஒரு காலி டம்ளர் கேட்டார். அக்கா ஆற்றிய கதையை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

கோதுமை பீரைத் தலைக்கு மேல் தூக்கி ஒரே ஆற்று. மேசையெல்லாம் நுரை. மீசைக்காரர் துணி எடுக்க ஓடினார்.